பஞ்சாலை கண்டெடுத்த நீலக்கல்

மலாயாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பஞ்சாலை என்று ஒருத்தி சல்லி உடைத்தாள். மற்றப் பெண்கள் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போக, இவள் பதினெட்டு வருஷம் வெயிலில் குந்தி, தோட்டத்து ரோட்டுக்குக் கருங்கல்லை உடைத்துப் போட்டாள். ஒரு தட்டிலேயே கல்லின் குணத்தைச் சொல்லிவிடுவாள். சுத்தியலுக்குத் தாங்கினால் நல்ல கல், தூளானால் ஒதுக்கிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் அவளைக் கர்வப்பட விட்டார்கள்?

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் ரோட்டு வேலை நின்றது. மலைச்சரிவில் மரவள்ளி நடச் சொன்னார்கள். அங்கே குழி வெட்டும்போது, வெள்ளை வெங்கச்சங்கல்லும் காக்காப்பொன் தகடும் மின்னிய மண்ணில் ஒரு கல் அகப்பட்டது. சுண்டுவிரல் நீளம், தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் கலந்தது போன்ற நிறம். கண்ணாடிப் போத்தலில் இழுத்தாள், கீறியது. வெங்கச்சங்கல்லில் இழுத்தாள், அதையும் கீறியது. அப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை.

அதே வாரம் சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் ரோட்டுக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் வந்தது. அவள் புருஷன் மாயாண்டியின் பெயர் அதில் இருந்தது. லாரி வெள்ளிக்கிழமை வரும். முதல் லாரியில் போன இருபது பேரில் ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி தங்கராஜு மனசு வைத்தால் ஒரு பெயரை அடித்துவிடுவார் என்றும், சும்மா மனசு வைக்க மாட்டார் என்றும் தோட்டமே அறியும்.

பஞ்சாலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லை அரிசி டின்னில் வைத்தாள். எடுத்து அடுப்புச் சாம்பலில் புதைத்தாள். அதையும் தோண்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவித்த கிழங்கைத் தொடாமலே வைத்தாள். கொஞ்சம் உட்கார் என்று மாயாண்டி சொன்னதற்கு எரிந்து விழுந்தாள். புதன்கிழமை விடிந்ததும் ஆபீசுக்கு ஓடினாள்.

கிராணி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசை கண்ணில் தெரிந்தது, ஆனாலும் இது வெறும் போத்தல் துண்டாக இருந்தால் என்ன செய்வது என்று இழுத்தார். அவள் ஜன்னல் கண்ணாடியில் கீறிக் காட்டினாள். அவர் மாயாண்டி பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தேவிட்டார். அத்தோடு அவள் வாயை மூடியிருக்கலாம். கர்வம் விட்டால்தானே.

“சந்தேகம் வேணாங்கய்யா, சுத்தியால அடிச்சுக் காட்டுறேன். நல்ல கல்லு தாங்கும்.”

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த சுத்தியலை எடுத்தாள். கல்லை வாசற்படியில் வைத்துத் தானே ஒரு தட்டுத் தட்டினாள்.

கல் பலகை பலகையாகப் பிளந்து சிதறியது. யூக்ளேஸ் என்று அதற்குப் பெயர், அகப்படுவதே அபூர்வம். கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினம், ஆனால் ஒரு வாட்டத்தில் அடி விழுந்தால் வழுவழுவென்று பிரிந்துவிடும். கருங்கல்லோடே வாழ்ந்தவளுக்கு அப்படியும் ஒரு கல் உண்டென்று யார் சொல்வது? நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

“போத்தல் சில்லுதான்லா,” என்று கிராணி துண்டுகளைக் காலால் தள்ளினார். கண்ணாடி இப்படித் தட்டையாகப் பிளக்காது என்று அவள் வாதாடினாள். காலில் விழுந்து அழுதாள். அவர் பேனாவை மூடப் போனார்.

பஞ்சாலை எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப எம் பேரையும் எழுதுங்க. அவரத் தனியா அனுப்ப மாட்டேன்.”

பெயரை அடிக்கத்தான் கிராணிக்கு அத்தனை யோசனை. சேர்ப்பதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை, உடனே எழுதினார்.