கடற்கரைக் காய்ச்சலுக்குப் பெயர் தேடிப் போனேன்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்கள். காலை ஆறு மணிக்கு வவுனியாவில் இருந்து புறப்பட்டேன். தோளில் ஒரு பை, கையில் தடுப்பூசி மருந்து கொண்டுபோகும் குளிர்பெட்டி. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருந்து குருதி பார்ப்பதுதான் என் வேலை, ஊர் சுற்றுவதல்ல. முள்ளிவாய்க்காலுக்குப் போய் வா என்றார்கள். ஏன், எதற்கு என்று கேட்காமல் நான் ஒரு வேலையும் செய்ததில்லை. கேட்டேன்.

விஷயம் இதுதான். எத்தனை பேர் காய்ச்சலும் இருமலுமாக வந்தார்கள் என்று ஒவ்வொரு வைத்தியசாலையும் வாராவாரம் எண்ணி மேலே அனுப்ப வேண்டும். தொகை கூடினால் சிலருடைய தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவியெடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பருவத்தில் எந்தச் சளிக்காய்ச்சல் நாட்டைச் சுற்றுகிறது என்று அங்கேதான் கண்டுபிடிப்பார்கள். வன்னியில் இந்த ஒழுங்கெல்லாம் சரிவராது. மாரியில் உடம்பு சுட்டால் அது மலேரியா. குளிசையைக் கொடு, ஆளை அனுப்பு, அவ்வளவுதான். இந்த முறை கடலோரத்து முள்ளிவாய்க்காலில் காய்ச்சலில் விழுந்த ஆட்களின் குருதியில் மலேரியா இல்லை. உடனே சனம் தானாகவே ஒரு பெயர் வைத்துவிட்டது: கடற்கரைக் காய்ச்சல். பெயர் வைத்த கையோடு ஒட்டுசுட்டான் பக்கத்தில் கடற்கரை மீன் வாங்குவதையும் விட்டுவிட்டார்கள்.

சோதனைச்சாவடி தாண்டி, இரு தரப்புக்கும் நடுவே ஆளில்லாமல் கிடந்த சூனியப் பகுதியை நடந்து கடந்தபோது ஒன்பது மணி. அங்காலே, பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடும் வான் ஒன்று நின்றது. ஆளுக்கு எண்பது ரூபா. சாரதி சிவராசா சூப்பிப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோலைப் பிள்ளைக்குப் பால் பருக்குவதுபோல எஞ்சினுக்குப் பருக்கி வானைக் கிளப்பினார். பெட்டிக்குள் ஐஸ்கிறீமா என்று என்னைச் சீண்டினார். வெறும் ஐஸ்தான் என்றேன். அது கிடைத்தாலே பெரிய காரியம் என்றார். மாங்குளம் வரை வீதி குண்டும் குழியுமாக என் இடுப்பைப் பதம் பார்த்தது. ஒட்டுசுட்டான் சந்தியில் தேநீருக்கு இறங்கினோம். மீன் விற்கும் பலகை காய்ந்து கிடந்தது. கடைக்காரர், எங்கே போகிறேன் என்று கேட்டதும் என் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார். நான் இன்னும் போகவே இல்லையே ஐயா என்று வாய்வரை வந்தது.

புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று உயிரோடு இருந்தது. அதில் என் ஐஸை மாற்றிக்கொண்டேன். மறுநாள் பின்னேரம் வரை தாங்கும். அங்கே என்னைக் கூட்டிப்போகச் சைக்கிளோடு வந்திருந்தார் அந்தோனிப்பிள்ளை. மீன் வியாபாரி. ஒட்டுசுட்டான் சனம் திருப்பியனுப்பியது இவருடைய மீனைத்தான். மீன் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கரியரில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார். ஏழு கட்டை தூரமும் அவர் ஒரே கதைதான் கதைத்தார். பிடித்த மீனை எல்லாம் கருவாடு போடுகிறார்களாம், கருவாட்டையும் ஒருவரும் தொடுகிறார்கள் இல்லையாம்.

"பேரை மட்டும் சொல்லுங்கோ மிஸ். இது உலகத்தில எல்லாருக்கும் வாற காய்ச்சல் எண்டு ஒரு சொல்லு. அது காணும், நான் மீன் பெட்டியோட திரும்ப ஓடுவன்."

இரண்டு மணிக்கு மாதா கோயில் மண்டபத்தில் என்னை இருத்தினார்கள். எனக்கு ஒரு கதிரை, எதிரே நீள வாங்குகளில் முப்பது பேரளவில். எல்லோரும் குளித்து, தலைவாரி, ஞாயிறு பூசைக்குப் போகிற வெள்ளை உடுப்போடு வந்திருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. முதலாமவரின் வாயைத் திறக்கச் சொன்னேன். தொண்டை சங்குபோலச் சுத்தம். அடுத்தவருக்கும் அப்படியே. விசாரித்தால், பட்டணத்தில் இருந்து வருகிறவவுக்கு அழுக்குத் தொண்டையைக் காட்டுவதா என்று காலையில் இருந்து உப்புத் தண்ணீரால் கொப்பளித்திருக்கிறார்கள்! சரி, காய்ச்சல்காரர் எங்கே? அவர்களை வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டார்களாம். இவ்வளவு தூரம் வந்த மனுசிக்கு வருத்தத்தைத் தொற்ற வைத்தால் ஊருக்கு என்ன மரியாதை என்று அந்தோனிப்பிள்ளையே என்னைக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் வென்றது.

வீடு வீடாகப் போகலாம் என்று எழுந்தால், சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். அந்தோனிப்பிள்ளை வீட்டில் பாரை மீன் குழம்பும் புட்டும். அவருடைய மனைவி றெஜினா முன்னால் வரவே இல்லை. குசினிக் கதவால் சாப்பாட்டுக் கோப்பைகள் மட்டும் வந்தன. அப்படி ஒரு குழம்பை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. சொல்லிவிட்டுப் போக உள்ளே நுழைந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் துவாயால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தாள். கண் சிவந்து கிடந்தது.

"கிட்ட வராதேங்கோ மிஸ். நேற்றுத்தான் துவங்கினது. நீங்கள் வந்த நாளில இப்பிடி வந்தது வெக்கமாக் கிடக்கு."

நெற்றியில் கைவைத்தேன். கொதித்தது. நேற்றுத் தொடங்கிய காய்ச்சல்! நான் தேடி வந்ததே அதைத்தான். நாள் கடந்தால் குச்சியில் கிருமி அகப்படாது. அவளுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில் வாய் திறந்தாள். குச்சி பட்டதும் என் முகத்துக்கு நேரே இருமிவிட்டாள். பிறகு அழுதாள். காய்ச்சலுக்காக அல்ல, என் முகத்தில் இருமியதற்காக. அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்தேன்.

மற்ற வீடுகளில் படுத்திருந்தவர்களுக்குக் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் தாண்டியிருந்தது; எனக்குக் கிடைத்தது றெஜினாவின் குச்சி போட்ட குப்பி ஒன்றுதான். மறுநாள் விடியப் புறப்பட்டுப் பதினொரு மணிக்குச் சோதனைச்சாவடி வரிசையில் நின்றேன். அன்று திருவிழாச் சனம்போலச் சனம். வெயில் ஏறியது, இறங்கியது. என் முறை வந்தபோது நாலரை. பெட்டியைத் திறந்தால் ஐஸ் வெந்நீராகிக் கிடந்தது. றெஜினாவின் குப்பி அதில் மிதந்தது. குளிர் போனால் கிருமி செத்துவிடும், இனி அதை அனுப்பிப் பயனில்லை. வவுனியாவுக்குப் பேருந்து ஏறினேன். ஒரு சொல்லுக் கேட்ட மனிதருக்கு அதைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை எழும்ப முடியவில்லை. உடம்பெல்லாம் உலக்கையால் இடித்த மாதிரி நோ. தொண்டை எரிந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்க அனுங்கி, கொத்தமல்லித் தண்ணீர் வரும்வரை ஓயமாட்டோம். நானும் அனுங்கத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு யோசனை வந்தது. ஆட்டோ பிடித்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போய், கூட வேலை செய்யும் மாலதியிடம், "என்ர தொண்டையில எடு, கெதியா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றைய ரயிலில் புது ஐஸோடு குப்பி போனது. கூடப்போன தாளில் எழுதினேன், தொற்றிய இடம்: முள்ளிவாய்க்கால்.

பதில் வந்தது. கொழும்பில் அந்தப் பருவத்தில் பாதிப் பேரைப் படுக்கவைத்த அதே சளிக்காய்ச்சல்தான். புதுக்குடியிருப்புக்குச் செய்தி அனுப்பினேன். அங்கிருந்து அதை ஒட்டுசுட்டானில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்களாம். மூன்றாம் வாரம் சிவராசா ஒரு பொதியைக் கொடுத்தனுப்பினார். உள்ளே பாரைக் கருவாடு. அந்தோனிப்பிள்ளை திரும்ப ஓடுகிறாராம். எனக்குக் காய்ச்சல் வந்ததைக் கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்தவவுக்கு வருத்தம் கொடுத்து அனுப்பிவிட்டேனே என்று றெஜினா இன்னும் அழுகிறாளாம். மன்னிக்கட்டாம்.

அவளுக்கு என்னவென்று சொல்லி அனுப்புவேன்? வந்த ஆளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று ஓர் ஊரே கொப்பளித்தது, ஒளித்தது, கதவை மூடியது. அத்தனையையும் மீறி அவள் எனக்குத் தந்த அந்த ஒரு இருமல்தான் அவள் புருசனின் மீனை விற்றுக்கொடுத்தது.