காலன் பதில் சொன்ன பாட்டு

கவிஞர்களுக்குச் சாவை ஓர் ஆளாக்கிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒருவர் விருந்தாளி என்பார், ஒருவர் வேடன் என்பார், இன்னொருவர் காதலன் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கொடைக்கானலில் தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில், செண்பகனூரில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, மரணம் வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு மெல்லக் கதவைத் தட்டுவதாகப் பக்கம் பக்கமாக எழுதினேன். வாசித்தவர்கள் அருமை என்றார்கள். அந்தச் சால்வைக்காரனை இன்று எதிரில் கண்டால் செருப்பால் அடிப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு காலையில் வீட்டுக்காரரின் போனுக்கு எங்கள் ஊரான பெரும்பாறையிலிருந்து தகவல் வந்தது. மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து என் அக்கா இறந்துவிட்டாளாம்.

பண்ணைக்காடு வழியாகப் போகிற பஸ்ஸில் நான் அழவில்லை. ஏணி என்ற அந்தச் சொல்லையே மென்றுகொண்டு போனேன். எங்கள் எஸ்டேட்டில் மிளகுக்கு ஏணி ஏறுவது ஆண்கள். பெண்கள் கீழே நின்று உதிர்ந்ததைப் பொறுக்குவார்கள். அக்காவுக்குப் பரண்மேல் ஏறி விறகு எடுத்தாலே தலை சுற்றும்.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்கு அக்கா, அக்காவுக்கு நான் என்று ஆகியிருந்தோம். காப்பித் தோட்டத்துக்கு வந்து இத்தனை காலமாகியும் எங்கள் ஆட்கள் வரிசை வீட்டை லயம் என்றுதான் சொல்வார்கள். காலையில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற மேஸ்திரிதான் அக்காவின் புருஷன். இன்றைக்கு யாருக்கு வேலை, யார் வீட்டில் உலை வைக்க வேண்டாம் என்பதெல்லாம் அவன் வாயில் இருந்தது.

லயத்து முற்றத்தில் அக்காவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை போர்த்தி, தாடைக்குக் கட்டுப் போட்டிருந்தது. இடது கண் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு பேர் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அவளை எரிக்கப் போகிறார்கள் என்று எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் புதைப்பவர்கள். அப்பாவையும் அம்மாவையும் மேட்டுச் சரிவில் புதைத்துத்தான் கல் நட்டோம்.

அவளைக் குளிப்பாட்டியவள், அதே லயத்தில் இருந்த, எங்களுக்குச் சித்தி முறையானவள். என் காதருகில் குனிந்து சொன்னாள்.

“முதுகெல்லாம் பட்டை பட்டையாக் கெடக்கு தாயி. மரத்துல இருந்து விழுந்தவளுக்கு அப்பிடி வருமா? நாஞ் சொன்னேன்னு சொல்லிராத. நாளைக்குப் பெரட்டுல எம் பேரு இருக்காது.”

நான் நேரே மேஸ்திரியிடம் போனேன். “மச்சான், போலீஸ் வந்து பாக்காம எடுக்கக் கூடாது. புதைக்கிறவங்கள ஏன் எரிக்கச் சொல்றீங்க?”

“படிச்ச திமிரக் கொடைக்கானலோட வச்சுக்க,” என்றான். “எம் பொண்டாட்டி, நான் எரிப்பேன். பொழுது சாயறதுக்குள்ள சோலி முடியணும். எலே, வெரசாப் பொளங்கடா.”

முற்றத்தில் நின்ற ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேரின் கூலியும் அவன் வாயில் அல்லவா இருந்தது. அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. லயத்தில் ஒருவரிடம் இருந்த செல்போனுக்குச் சிக்னல் வேண்டுமானால் மலைவளைவுவரை நடக்க வேண்டும். நான் போய்த் திரும்புவதற்குள் அக்கா சாம்பலாகிவிடுவாள். எரிந்துபோனால் அந்த முதுகு யாருக்கும் சாட்சி சொல்லாது.

எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது பிணத்தைத் தூக்க மாட்டார்கள். பாடுகிறவளை எந்த ஆணும் தடுக்க மாட்டான். அவள் கூற்றுவனை என்ன கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாலும் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். நான் போய்ப் பெண்கள் வட்டத்தில் உட்கார்ந்து சித்தியின் தோளில் கை போட்டேன். தொண்டை வற்றும்வரை பாடிப் பொழுதை ஓட்டுவது என்பதுதான் அப்போதைய என் எண்ணம்.

எங்கள் வீட்டு ஒப்பாரிகளில் எருமை வராது, பாசக்கயிறும் வராது. தோட்டத்தில் பிறந்த பாட்டுகள் அவை. அவற்றில் காலன் பேர் கூப்பிட வருகிற கங்காணி. சித்தி அப்படித்தான் எடுத்துக் கொடுத்தாள். நான் தொடர்ந்தேன்.

*விடியாத நேரத்தில பெரட்டு வச்ச கூத்துவனே*
*முடியாத எம்பொறப்பை முதப்பேராக் கூப்பிட்டியே*

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். விறகு பிளந்தவர்கள் கோடாலியைக் கீழே வைத்தார்கள். மேஸ்திரி கைகட்டி, கொஞ்சம் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அந்தச் சோகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. காலனுக்கு முகம் இல்லை என்று யார் சொன்னது? இதோ நிற்கிறானே. நான் அவனைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

*காக்கிச் சட்டை போட்ட காலா, ரப்பர்ப் பூட்சு மாட்டுன காலா*
*காப்பிக் கம்பு ஒடிச்சுவந்து கதவடைச்சு நின்ன காலா*

சித்தியின் தோள் என் கைக்கடியில் விறைத்தது. ஆனாலும் அவள் மாரில் அடிப்பதை நிறுத்தவில்லை. பிற பெண்களும் நிறுத்தவில்லை. பாட்டில் திட்டு வாங்குவது காலன்தானே, அதற்காக மேஸ்திரி பெரட்டில் யார் பேரையும் விட்டுவிட முடியாதே. அவர்கள் அடி பலமானது. பாட்டின் அடுத்த வரி எனக்குத் தானாக வந்தது. அவன் எதற்காக அடித்தான் என்று எனக்குத் தெரியாது. பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்கிற காரணத்தை எடுத்துப் போட்டேன்.

*சோத்துல உப்பில்லேன்னு சொவத்துல மோதினியே*
*ஆத்தா இல்லாப் புள்ளைய அடிச்சு மெதிச்சியே காலா*

மேஸ்திரி கையை அவிழ்த்தான்.

“உப்புக்கா?” என்றான். “ஏய் புள்ள, உப்புக்குப் பொண்டாட்டிய அடிக்கிற பயலா நானு? பொட்டியக் கட்டிக்கிட்டு ஒன்கிட்ட வாரேன்னு வெளிய காலு வச்சா. எவன் பாத்துக்கிட்டு இருப்பான்?”

மார் அடிக்கிற சத்தம் நின்றது.

காலனைப் பார்த்துப் பாடிய பாட்டுக்கு எங்கள் சாதிசனத்தில் அதுவரை எவனும் பதில் சொன்னதில்லை. இவன் சொன்னான். கொன்றவன் என்று பாடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டவனுக்கு, அற்பக் காரணத்துக்கு அடித்தவன் என்ற பேர் பொறுக்கவில்லை. சொன்னது என்ன என்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் வட்டத்துக்குள் பாய்ந்து, பூட்ஸ் காலால் என் முகத்தில் உதைத்தான். என் மேலுதடு கிழிந்தது. வாயில் இரத்தமும் ஒரு பல்லின் துண்டும் இருந்தன. மறுபடி காலைத் தூக்கினான்.

அந்தக் காலைச் சித்தி பிடித்துக்கொண்டாள். பெரட்டில் பேர் இருக்காது என்று பயந்தவள், அவன் தொடையில் பல் பதியக் கடித்தாள். அவன் விழுந்தான். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். அதுவரை தங்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்த கைகள் அவன் முகத்தில், நெஞ்சில், கழுத்தில் விழுந்தன. ஒருத்தி பிளந்த விறகை எடுத்தாள். அவன் மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவன் தலையை நான்தான், பெண்டாட்டியின் கூந்தலைப் பிடிப்பதுபோல் முடியைப் பிடித்துத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஆண்களுக்கு உயிர் வந்தது. பெண்களை விலக்கி, பாடை கட்ட வைத்திருந்த கயிற்றால் அவனைக் கட்டிச் சில்வர் ஓக் மரத்தில் சாத்தினார்கள். ஒருவர் வளைவுவரை ஓடிப்போய்ப் போன் செய்தார். இருட்டுவதற்குள் போலீஸ் ஜீப் வந்தது. அக்காவைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார்கள். விலா எலும்புகள் உடைந்து நுரையீரலைக் குத்தியிருந்தன. மறுநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதற்குப்பிறகு நான் எழுதிய எதிலும் சாவு கதவைத் தட்டவில்லை. கவிதை வாசிக்கும் கூட்டங்களில் யாராவது மரணத்தை மௌனமான தோழன் என்று ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். மரியாதை இல்லாதவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். இருக்கட்டும்.

புதைத்துவிட்டு வந்த அன்று அவள் கட்டிய பெட்டியைத் தேடினேன். அடுப்பு விறகுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். பழைய தகரப் பெட்டி, அம்மா கப்பலில் கொண்டுவந்தது. அவள் புறப்படப் போவதாக எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் அடிப்பதையும் சொன்னதில்லை. கேட்டால் நல்லாருக்கேன் என்பாள். முந்தின பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது, என் அறையில் இருப்பது ஒரே ஒரு தட்டுதான், யாராவது வந்தால் சோறு போட இன்னொன்று இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு சேலைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில், உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றி, ஒரு பீங்கான் தட்டு வைத்திருந்தாள்.