தண்ணீரை நம்பாத அத்தான்

சென்ற வாரம் ஒரு காலையில், திருச்சியில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தானின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சில ஆண்டுகளாக நெய்வேலியிலிருந்து வந்த அழைப்பெல்லாம் அக்காவின் உடம்பைப் பற்றியதுதான். "அக்காவுக்கு என்ன?" என்று கேட்டபடியேதான் எடுத்தேன். பேசியது அக்காவேதான்.

"உங்க அத்தான் போயிட்டாகடா," என்றாள்.

"எங்கே?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

"காபி கேட்டாக. கொண்டாந்து நீட்டுறேன், கை நீட்டல. நாற்காலியிலயே இருந்தபடிக்கு..."

இதய நோயாளி என் அக்கா. அவள் உயிருக்காக நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அத்தான் பயந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஓர் இதயம் இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை.

சண்முகவேல் அத்தான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வேதியியல் படித்துவிட்டு இளம் வயதிலேயே நெய்வேலிக்கு வந்து, அனல்மின் நிலையத்தின் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அவருடைய வேலை ஒன்றுதான்: பாய்லருக்குப் போகும் தண்ணீரில் கடினத்தன்மை இருக்கிறதா என்று பார்ப்பது. குழாய்க்குள் சுண்ணாம்புபோலப் படிந்து அடைக்கும் அந்த உப்புகள் துளி இருந்தாலும் ஆபத்து. படிந்த குழாய் சூடேறி வெடிக்கும். "தண்ணிய நம்பக்கூடாது மாப்ளே. கண்ணுக்கு ஒண்ணு காட்டும், உள்ள வேற ஒண்ணு வச்சிருக்கும்," என்பார்.

வேலையில் வந்த பயமா, பயத்துக்கேற்ற வேலை அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று, முகூர்த்தத்துக்குச் சற்று முன், மணமேடையில் இருந்தவர் என்னைக் கண்ணால் அழைத்தார். ஏதோ முக்கியமான விஷயம் என்று குனிந்தேன். "அந்த சீரியல் லைட் ஒயர் ஓலையில உரசுது. ஆள விட்டு எடுக்கச் சொல்லுங்க," என்றார். கல்யாணப் படங்கள் பலவற்றில் மாப்பிள்ளை பந்தலின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நெய்வேலி நகரியத்தின் பத்தொன்பதாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் அவர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். குழந்தைகள் இல்லை. அக்காவின் பேச்சுக்கு அத்தான் மெதுவாகச் சிரிப்பார். அத்தானின் கவலைகளுக்கு அக்கா சத்தமாகச் சிரிப்பாள். ஊருக்குக் கிளம்பிப் பேருந்து நிலையம் வந்தபின், கேஸ் மூடினோமா என்று பார்க்க அவர் திரும்பிப் போவதும், அக்கா பையின்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்பதும் எல்லாப் பயணத்திலும் உண்டு.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் முன்பே கட்டி வாடகைக்கு விட்டிருந்த சொந்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே போர்வெல் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துப்போகும். அதனால் வீடு கட்டும்போதே ஒரு சாஃப்ட்னர் வைத்திருந்தார். கொல்லைப்புறத்தில் ஆளுயர நீலத் தொட்டி, அதன் தலையில் ஒரு வால்வு, பக்கத்தில் உப்புக் கரைக்கும் டிரம். தொட்டிக்குள் இருக்கும் பொடி மணிகள் தண்ணீரின் கடினத்தன்மையைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு உப்பின் சத்தைத் தண்ணீரில் விடும். மணிகள் களைத்துப்போனால் உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். குடியிருந்தவர்கள் அதைச் சரியாகக் கவனிக்காததால், அத்தானின் கைக்கு வந்தபோதே அது கிழடு தட்டியிருந்தது. அவர் அதைத் துடைத்து, கழுவி, கசிந்த இடத்தில் டேப் சுற்றி, ஓடவைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் சரியாகச் சுருங்கி விரியவில்லை என்றார்கள். மாத்திரைகள் கொடுத்து, உப்பைக் கட்டாயம் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அன்றோடு அந்தச் சமையலறையில் உப்பு ஜாடி இல்லாமல் போயிற்று. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. அத்தான் தனக்கும் உப்பில்லாமலே சாப்பிட்டார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. எங்க வீட்டுல அது தட்டுக்கு வந்துட்டு," என்று அக்கா என்னிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. தினமும் காலையில் அத்தான் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அக்கா சாய்ந்தே தூங்கினாள். அவள் மூச்சை எண்ணியபடி அத்தான் தூங்காமல் இருந்தார். மருத்துவமனையில் சேர்த்தால் சில நாளில் நீர் வடிந்து, கால் மெலிந்து, பேச்சும் சிரிப்பும் திரும்பும். வீட்டுக்கு வந்தால் மறுபடி வீங்கும். "எப்படியோ உப்பு உள்ள போயிட்டுத்தான் இருக்கு. வீட்டுல பாருங்க," என்றார் மருத்துவர்.

அத்தான் வீட்டில் பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார், அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்தார். கடைசியில் தெருமுனைக் கடைக்காரரிடம் போய், "எங்க வீட்டுல இருந்து யாராச்சும் ஊறுகா பாக்கெட் வாங்குறாங்களா?" என்று கேட்டுவிட்டார். அது அக்காவின் காதுக்கு வந்துவிட்டது. அன்று அவள் என்னிடம் பேசியபோது சிரிப்பில்லை. "இத்தன வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். என்னைத் திருடின்னு பாக்காகடா," என்றாள். அதன் பிறகு சில வாரம் அந்த வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. பயம் அத்தானைக் கடுகடுப்பானவராக மாற்றிக்கொண்டிருந்தது. அவரிடம் யாராலும் எதையும் சொல்லமுடியாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அத்தான் காலையிலேயே சாஃப்ட்னரை உப்புநீர் விட்டுக் கழுவியிருந்தார். அக்காவுக்கு மத்தியானம் கஞ்சி. இரண்டு வாய் குடித்தவள், அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "இன்னைக்குத்தான் கஞ்சி வாய்க்கு நல்லாருக்கு."

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன சொன்ன?"

"கஞ்சி நல்லாருக்குன்னேன். அதுவும் தப்பா?"

அவர் எழுந்துவந்து அவள் கரண்டியை வாங்கி வாயில் வைத்துப் பார்த்தார். கரண்டியோடு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். நானும் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் கரித்தது.

குடிப்பதற்கு அவர்கள் கேன் தண்ணீர்தான் வாங்கினார்கள். அந்த மட்டில் அத்தான் எச்சரிக்கையாகவே இருந்தார். ஆனால் சோறும் கஞ்சியும் பருப்பும் வெந்தது சமையலறைக் குழாய்த் தண்ணீரில். கழுவிய உப்புநீர் சாக்கடைக்குப் போகவேண்டும். பழைய வால்வு அதில் ஒரு பங்கை வீட்டுக் குழாய்க்குள் கசியவிட்டுக்கொண்டிருந்தது. கழுவாத நாளிலும் அந்தத் தண்ணீரில் உப்பின் சத்து இல்லாமல் இல்லை. எத்தனை மாதமாக அப்படி என்று யாருக்குத் தெரியும்?

அத்தான் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பாய்லருக்குப் பாத்தேன் மாப்ளே. இவளுக்குப் பாக்கலியே," என்றார்.

அப்படி அதிக நேரம் உட்காரவும் முடியாமல் போயிற்று. சாயங்காலத்துக்குள் அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் அவள் தலை என் தோளில். எதிரே மடங்கி உட்கார்ந்து அவள் பாதங்களை மடியில் வைத்திருந்தார் அத்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா, மெதுவா" என்றவர், அடுத்த நொடியே "சீக்கிரம் போங்க தம்பி" என்றார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாங்கள் காத்திருந்தோம். உள்ளிருந்து யார் வந்தாலும் எழுந்து நின்றார். யாரும் எதுவும் சொல்லாமல் கடந்துபோனார்கள். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கேட்டபோது, "ஒண்ணுமில்ல. அவகிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு மட்டும் நேரம் குடுத்தாப் போதும்," என்றார்.

நேரம் கிடைத்தது. மறுநாள் அக்கா கண்விழித்துப் பேசினாள். அத்தான் கட்டிலருகே போய் வெகுநேரம் நின்றார். பிறகு, "ஏட்டி, நீ ஊறுகா திங்கல," என்றார்.

"இதச் சொல்லத்தானா இம்புட்டு நேரமா முழிச்சிக்கிட்டு நின்னீக?" என்றாள் அக்கா. அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது மருத்துவர், "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நிறுத்திடுங்க," என்றார். அத்தானுக்கு அது போதுமானதாக இருந்தது.

உள்ளூர்க் குழாய் வேலைக்காரர் ஏழுமலை வந்து வால்வைப் பிரித்தார். "உள்ள ரப்பரு நைஞ்சிகினு கெடக்கு சார். வால்வ மாத்தினாலும் மணியும் பழசு. எத்தினி நாளிக்கி ஓட்டுவீங்க? புச்சா போட்ருங்க."

"வீட்டுல சாஃப்ட்னரே வேண்டாம்," என்றார் அத்தான்.

"வூடு பூரா உப்புப் பூத்துடும் சார். அம்மா தலைக்கி ஊத்திக்கணும், துணி தொவைக்கணும். அதெல்லாம் யோசன பண்ணிக்குங்க."

அக்காவே முடிவு சொன்னாள்: குளிக்கவும் துவைக்கவும் புதிய சாஃப்ட்னர், சமையலறைக்கு மட்டும் போர்வெல்லிலிருந்து நேராகத் தனிக் குழாய், தனித் தொட்டி. பருப்பு வேக நேரமானால் ஆகட்டும்.

அப்படியே செய்தார்கள். ஆனாலும் அத்தானின் பயம் போகவில்லை. தினமும் காலையில் சமையலறைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து மருந்துச் சொட்டு விடுவார். கடினத்தண்ணீர் என்றால் சிவக்கும். சாஃப்ட்னர் தண்ணீர் என்றால் நீலமாகும். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தச் சிவப்பைக் கண்டால் பதறியவர், இப்போது சிவந்தால்தான் அடுப்பைப் பற்றவைக்க விட்டார். "லைனே வேற சார், எப்டி கலக்கும்?" என்று ஏழுமலை கேட்டபோது, "தண்ணி வழி கண்டுபிடிச்சிரும்யா," என்றார்.

அக்காவின் கால் மெல்ல வடிந்தது. மாத்திரைகள் தொடர்ந்தன, மூச்சும் ஓரளவு சீரானது. அதன் பிறகு அவர்கள் பழையபடி சிரித்துப் பேசி வாழ்ந்த காலம் இரண்டாண்டுக்குக் குறையாது. அத்தான் மட்டும் ஒரு தடவைகூடத் தன் உடம்பை மருத்துவரிடம் காட்டவில்லை. கேட்டால், "எனக்கென்ன மாப்ளே? அவளத்தான் பாக்கணும்," என்பார். கடைசியாக நான் போயிருந்தபோது பேருந்து ஏற்றிவிடக் கூடவே நடந்துவந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்றார். வண்டி வருகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். எப்போதும் பார்ப்பவர்தானே என்று நானும் நின்றேன்.

சென்ற வாரம் அந்தச் செய்தி கேட்டு நான் போனபோது வடக்குத்து வீட்டின் முன் பெரிய கூட்டம். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் நகரியத்திலிருந்து வந்திருந்தார்கள். ஏழுமலை மாலையோடு வந்து ஓரமாக நின்று அழுதார். எடுக்கும் நேரம் வந்தபோது அக்கா வாசலோடு நிற்காமல் இறங்கிப் பின்னால் நடக்கத் தொடங்கினாள். "வேணாம்மா, உன் ஒடம்புக்கு ஆவாது," என்று பெண்கள் பிடித்தார்கள். "விடுங்க. தெருமுனை வரைக்கும் நான் வருவேன்," என்றாள்.

பாடையைத் தூக்கிய தோளோடு நான் திரும்பித் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு போனேன். வெயில் கடுமையாக இருந்தது. எந்த அடியில் மூச்சு இழுக்குமோ, எங்கே உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே நடந்தேன். இவ்வளவு பயத்தையும் தினமும் ஒருவர் தனியாகச் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அந்தத் தெருவில்தான் புரிந்தது.

அக்கா எங்கும் நிற்கவில்லை. தெருமுனைக்கு வந்ததும் கை கூப்பினாள். முகம் நனைந்திருந்தது, மூச்சு வாங்கவில்லை.

"நான் நல்லா நடக்கேன், பாத்தீகளா? பயப்படாமப் போங்க," என்றாள்.

போய் வாருங்கள் அத்தான்.