பதினான்கு நாற்காலிப் பாக்கி

பாடகர் அரங்கநாதன், வீரமுத்துவுக்கு எண்ணூற்று நாற்பது ரூபாய் பாக்கி. மடக்கு நாற்காலி ஒன்று அறுபது ரூபாய் வீதம், உடைந்த பதினான்கு நாற்காலிக்கான காசு அது. எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம், கள்ளக்குறிச்சியில் ஒரு மாரியம்மன் கோயில் திடலில் விழுந்த கடன்.

இந்தக் கணக்கு தெரியாத ஆள் சங்கராபுரம் ரோட்டில் கிடையாது. டீக்கடைக்காரனுக்குத் தெரியும், கல்யாண மண்டபத்து மேனேஜருக்குத் தெரியும், வீரமுத்துவின் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே தெரியும். அத்தனை பேருக்கும் சொன்னவர் வீரமுத்துதான்.

பெருமையாகச் சொல்ல அவரிடம் வேறு விஷயமா இல்லை? ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். கூலிக்குத் தலையில் நாற்காலி சுமந்தவர். மனைவி கொளஞ்சியம்மாளின் கம்மலை அடகு வைத்துச் சொந்தமாக ஐம்பது மடக்கு நாற்காலி வாங்கினார். இன்றைக்குக் கிடங்கில் மூவாயிரம் பிளாஸ்டிக் சேர், பந்தல் சாமான், சமையல் அண்டா, மைக்செட், ஜெனரேட்டர், வாசலில் இரண்டு லாரி. எவன் காலையும் பிடித்து வந்ததில்லை. "கலெக்டரா இருந்தா இன்னா, மந்திரியா இருந்தா இன்னா? கள்ளக்குறிச்சிக்கு வந்தா குந்தறது என் சேர்லதான்" என்பார். கருணாபுரத்தில் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த வாரம், சாவு வீட்டுப் பந்தல் ஒன்றுக்கும் அவர் வாடகை வாங்கவில்லை. அதையும் அவரேதான் சொல்வார்.

இத்தனை இருந்தும், புது ஆள் யாராவது கிடங்குக்கு வந்தால் முதலில் காட்டுவது சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் ஒரு உடைந்த நாற்காலியைத்தான். கால் கோணி, பலகை பிளந்து, துருவேறித் தொங்கும்.

"புயல் அரங்கநாதன் தெரியுமில்ல? அவரு எனக்குப் பாக்கி."

அந்த நாளில் புயல் மெல்லிசைக் குழு வருகிறது என்றால் சின்னசேலத்திலிருந்தும் நைனார்பாளையத்திலிருந்தும் ஒரு சைக்கிளுக்கு மூன்று பேராக வருவார்கள். சினிமாப் பாட்டுப் பாடிப் பிழைத்த குழுதான். ஆனால் கடைசிப் பாட்டு மட்டும் அவர்களுடைய சொந்தச் சரக்கு. தோள் வரை முடியும் கழுத்தில் தொங்கும் கிட்டாருமாக அரங்கநாதன் அந்தப் பாட்டின் நடுவில் ஒரு இழுப்பு இழுப்பார். டிரம்ஸ் நிற்கும், கிட்டார் நிற்கும், குரல் மட்டும் தனியாக ஏறிக்கொண்டே போகும். கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும், பாடுகிறவருக்கு முட்டாது. அன்றைக்கு அந்த இழுப்பில் ஜனம் நாற்காலி மேல் ஏறி ஆடித் தீர்த்ததில் பதினான்கு போயிற்று. விழாக் குழுவினர் கையை விரித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் வீரமுத்து அழாத குறையாக உட்கார்ந்திருக்க, அரங்கநாதன் வந்து தோளைத் தட்டினார்.

"எனக்காகத்தானே தம்பி ஒடச்சாங்க? என் கணக்குல வச்சிக்கோ. நான் தரேன்."

சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். பல வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவரே அடையாளம் கண்டு கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். வீரமுத்து அந்தக் கையைப் பணத்தோடு சேர்த்துப் பொத்தி மடக்கிவிட்டார். "இருக்கட்டும்ணே. நீங்க எனக்குப் பாக்கியாவே இருங்க." சொல்லிவிட்டு, சுற்றி நின்றவர்கள் பார்த்தார்களா என்று ஒரு நோட்டம் விட்டுக்கொண்டார்.

கொளஞ்சியம்மாள் மட்டும் இதற்கெல்லாம் மயங்கவில்லை. "அந்த எண்ணூத்தி நாப்பது வந்துட்டா அப்பறம் நீ பேசறதுக்கு இன்னா கீது?" என்று கேட்பாள்.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு அதே திடலில் அரங்கநாதனைக் கூப்பிடலாம் என்று சொன்னவர் வீரமுத்து. பாதிச் செலவு தன்னுடையது என்றும் சொன்னார். நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே டீக்கடையில் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"நான் வரல" என்றார் கலையரசன். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் கச்சேரி ஒன்று விடாமல் கேட்டவர். "எழுவத்திநாலு வயசுல அவரு பாடி, அத்த நான் கேட்டு, ரெண்டு பேரும் இன்னாத்துக்கு அசிங்கப்படணும்? என் காதுல அவரு இன்னும் முப்பத்தாறு வயசாவே கீறாரு. இருந்துட்டுப் போவட்டும்."

"உனக்கு மட்டும் வயசு ஆவலியா?" என்றார் சின்னப்பையன். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர், அந்தக் காலத்தில் கலையரசன் பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து கச்சேரிக்கு இறங்கி வந்தவர். "முட்டியப் புடிச்சிக்கினு நான் மலைய எறங்கி வரேன். தொண்டையப் புடிச்சிக்கினு அவரு வரட்டும். ஆளப் பாத்தா எனக்குப் போதும்."

"பாக்கறதுக்கு போட்டோ இல்லியா? இப்பல்லாம் டிராக்குய்யா. பென்டிரைவ் பாடும், இவங்க வாய அசைப்பாங்க. அதுக்கு நீ நூறு ரூவா பஸ்ஸுக்கு அழுதுட்டு வரணுமா?"

"அசைச்சா அசைக்கட்டுமே. அவரு வாய்தானே?"

வீரமுத்து டீ கிளாஸை நங்கென்று வைத்தார். "என் மேடையில அந்த வேலையெல்லாம் நடக்காது. அவரு என் பாக்கிக்காரு. அந்த இழுப்ப இழுத்துத்தான் ஆவணும். நேர்ல கேட்டுட்டு அப்பறம் பேசு."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். அப்படிக் கேட்கட்டும் என்றுதான் அவரும் சத்தமாகச் சொன்னார்.

கச்சேரி அன்று மாலை அரங்கநாதன் வந்து இறங்கினார். சாயம் பூசிய முடி, பளபளக்கும் சட்டை. பழைய குழுவில் அவரைத் தவிர ஒருத்தரும் மிச்சமில்லை, வாசிப்பவர்கள் எல்லாம் பேரன் வயசுப் பையன்கள்.

"தம்பி, அந்த சேர் கணக்கு இன்னும் கீதா?"

"கீதுண்ணே. வட்டியோட கீது!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அரங்கநாதன் அவரை ஜெனரேட்டர் பக்கம் தனியாகக் கூட்டிப் போனார். "கடைசிப் பாட்டு மட்டும் டிராக்கு தம்பி. பழைய கேசட்டுலேர்ந்து எடுத்த என் கொரலுதான். நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணதுக்கு அப்பறம் மூச்சு நிக்க மாட்டேங்குது. வெளிய சொல்லிக்காத."

"நான் போயி சொல்லுவனாண்ணே?" என்றார் வீரமுத்து.

கச்சேரி நன்றாகவே போயிற்று. சினிமாப் பாட்டுகளை அரங்கநாதன் தணித்து, பையன்களிடம் பாதி கொடுத்து, பாதி தான் எடுத்துச் சமாளித்தார். கொளஞ்சியம்மாள் முன் வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்ற கலையரசனும் வந்து, சேரில் உட்காராமல், மைக்செட் கன்சோல் பக்கம் வீரமுத்துவுக்கு அருகில் நின்றார்.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் திடலே எழுந்தது. எண்பத்தேழாம் வருஷத்துக் குரல் ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று வந்தது. சின்னப்பையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார். அது பென்டிரைவ் என்று அவருக்கும் தெரியாமல் இல்லை.

"பாத்தியா?" கலையரசன் வீரமுத்துவின் விலாவில் இடித்தார். "முப்பத்தெட்டு வருஷமா பாக்கிக்காரு, பாக்கிக்காருன்னு பீத்திக்கினியே. உனக்கும் பென்டிரைவ்தான் போட்டுட்டாரு."

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். வீரமுத்துவுக்குக் காது வரை சுட்டது. யார் சிரித்தாலும் பொறுப்பார், தன் சொந்த மைக்செட் பக்கத்தில் நின்று சிரித்தால் பொறுக்க மாட்டார்.

"அஜித்து, அந்த பென்டிரைவ் லைன எறக்கு. அவரு மைக்க ஏத்து."

கன்சோலில் இருந்த அஜித்குமார் திகைத்தான். "மொதலாளி, அவரே வந்து சொன்னாரு, அத்த மட்டும் தொடாதன்னு..."

"கன்சோல் யாருதுடா?"

பையன் கையை எடுக்கும் வரை வீரமுத்து காத்திருக்கவில்லை. தானே ஒன்றைக் கீழே இழுத்தார், ஒன்றை மேலே தள்ளினார்.

சரியாக இழுப்பு வரும் இடம். டிரம்ஸ் நின்றது, கிட்டார் நின்றது. ஸ்பீக்கரில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கிழவரின் குரல், அடிவயிற்றிலிருந்து இரண்டு படி ஏறி, மூன்றாவதில் உடைந்து, இருமலாக மாறியது. அந்த இருமலையும் வீரமுத்துவின் ஸ்பீக்கர் திடல் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரோ பையன்கள் சிரித்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன. சின்னப்பையன் மட்டும் தன் கட்டைக் குரலில் அந்த இழுப்பைப் பிடித்துப் பார்த்தார். கூடச் சேர ஒருத்தரும் இல்லாததால் பாதியில் விட்டுவிட்டார்.

"இதுக்குத்தான் நான் வரலன்னேன்" என்றார் கலையரசன். அதைச் சிரித்துச் சொல்லவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்கவும் இல்லை.

அரங்கநாதன் கன்சோல் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். மிச்சப் பாட்டை ஏறக்குறைய பேச்சாகவே சொல்லி முடித்தார். விழாக் குழுவுக்கு நன்றி சொன்னார். "ஒலி, நாற்காலி உதவிய வீரமுத்து முதலாளிக்கும் நன்றி" என்றார். அதற்குள் பின்வரிசை காலியாகிக்கொண்டிருந்தது. சேர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் ஆட்கள் சேர்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினி ஒடஞ்சுது?" வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், வீரமுத்து வாயில் தானாக வந்துவிட்டது.

"ஒண்ணுகூட ஒடையல மொதலாளி" என்றான் ஒருவன் சந்தோஷமாக.

அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து அரங்கநாதன் இறங்கினார். வீரமுத்து ஓடிப்போய் ஒரு சேரை எடுத்து, ஈரத்தைத் தன் தோள் துண்டாலேயே துடைத்துப் போட்டார். "குந்துங்கண்ணே."

"இருக்கட்டும் மொதலாளி. பஸ்ஸுக்கு நேரமாவுது."

தம்பி என்பதைத் தவிர வேறு சொல்லி அந்த வாய் அவரை நேரில் கூப்பிட்டதில்லை. வீரமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அண்ணே, நேத்து அந்தப் பையன் தெரியாத்தனமா கைய வச்சிட்டான்..."

மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த அஜித்குமார் நிமிர்ந்தான். மறுபடி சுற்றத் தொடங்கினான்.

"பையன் இல்லீங்க. நீங்க. கன்சோலுக்கு மேல லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. எனக்கு மூச்சுதான் கம்மி, கண்ணு நல்லாத் தெரியுது." அரங்கநாதன் சுவரைப் பார்த்தார். "இதான் அந்த சேரா?"

"ஆமாண்ணே!" அந்த நேரத்திலும் வீரமுத்துவின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"பழைய இரும்புக்குப் போட்ருங்க."

சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். வீரமுத்து பஸ் ஸ்டாண்டில் செய்த மாதிரியே அந்தக் கையைப் பொத்தி மடக்கப் பார்த்தார். அரங்கநாதன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கைய நீட்டுங்க."

"இன்னாத்துக்குண்ணே இப்ப? நம்ப ரெண்டு பேருக்குள்ள..."

"நீட்டுங்க மொதலாளி. நாலு பேரு பாக்கறாங்க."

உண்மைதான். ஆட்கள் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"வட்டி கேப்பீங்க. அத்த நேத்தே மேடையில குடுத்துட்டேன்" என்றார் அரங்கநாதன்.

வீரமுத்துவின் கை முன்னால் நீண்டது. விரல்கள் விரிந்தன. அரங்கநாதன் ஒவ்வொரு நோட்டாக, எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணி வைத்தார்.

"ஐந்நூறு."

"எழுநூறு."

"எண்ணூறு."

ஒரு இருபது ரூபாய். இன்னொரு இருபது சுருண்டிருந்தது. அதைக் கட்டை விரலால் நீவி நேராக்கி, மற்ற நோட்டுகளின் மேல் வைத்து, "எண்ணூத்தி நாப்பது" என்றார்.