ஒரு கட்டிலுக்கு இரண்டு போர்வை

படார். படார்.

எதிர்மாடியில் யாரோ இறகுப் போர்வையைப் பால்கனிக்கு வெளியே பிடித்து உதறுகிறார்கள். டென்மார்க்கின் இந்தக் கோல்டிங் நகரில் வெயில் எட்டிப் பார்க்கிற ஞாயிறு என்றால் இந்தச் சத்தம் இருக்கும். ஒரு போர்வை உதறப்பட்டு உள்ளே போகும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வரும். அந்த இரண்டாவது சத்தம்தான் என்னை ஒவ்வொரு முறையும் பிடரியில் அடிக்கிறது.

இந்த நாட்டில் புருசனும் பெண்சாதியும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வையோடு படுப்பார்கள். சண்டையுமில்லை, கோபமுமில்லை. வழக்கம். எங்களுக்கு அது தெரியாது. கல்யாணம் முடித்த முதல் பனிக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் ஒரு கட்டிலும் இரண்டு போர்வைகளும் இருந்தன. இவ்வளவு தடிப்பானதை மனிதர் போர்த்துவார்கள் என்று யார் கண்டது? ஒன்றை மெத்தைமேல் விரித்தோம். மற்றதை இருவருமாகப் போர்த்துக்கொண்டோம். அது ஒருவருக்கே அளவானது. நான் இழுத்தால் அவளுக்குக் குளிரும், அவள் இழுத்தால் எனக்கு. ஆகவே நெருங்கினோம். பனிக்கட்டி போன்ற கால்விரல்களை அவள் என் கெண்டைக்காலில் வைத்துச் சூடாக்குவாள். அதை நான் ஆசை என்று வாசித்தேன். குளிரையும் அப்படி வாசிக்கலாம்.

பனி கரைந்த நாளொன்றில் கீழ்வீட்டு டேனிஷ்காரி வந்தாள். எங்கள் படுக்கையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். விரித்ததை உருவி, உதறி, ஆளுக்கொன்றாக மடித்து வைத்துவிட்டுப் போனாள். என் மனைவி தன்னுடையதற்குள் சுருண்டு, "அப்பாடா" என்றாள். ஒரே ஒரு சொல். அப்படி ஒரு நிம்மதியை என் கைகளுக்குள் அவள் சொன்னதில்லை. அன்றைக்கே தொடங்கியது என் பொறாமை, ஒரு மூட்டை இறகின்மேல்.

அவள் அன்பில்லாதவள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. என் தலைமயிரை அவள்தான் வெட்டிவிடுவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் நான் அணைக்கும்போது பல் வைத்தியரின் கதிரையில் இருப்பவளைப்போல் ஆகிவிடுவாள்: பொறுமையாக, கண்ணை மூடி, முடியட்டும் என்று. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படிக்கவென்று வேறு நகரம் போனாள். எப்போதாவது என்றிருந்ததும் நின்றது. நான் ஆள் தேடத் தொடங்கினேன். கோயில் மடைப்பள்ளியில் அவளோடு பகிடி விட்டவனை, அவளுக்காக பஸ்ஸை நிறுத்தி வைத்த சாரதியை, எல்லோரையும் முறைத்துப் பார்த்தேன். ஒருவனாவது இருந்திருக்கலாம். முகம் பார்த்து வெறுத்திருக்கலாம். ஒருவனும் இல்லை.

ஒரு கல்யாண நாளுக்கு இருவர் போர்த்தும் அகலப் போர்வை ஒன்று வாங்கி வந்தேன். என் பழைய சின்னதை நிலக்கீழ் அறையில் போட்டேன். அவள் புதியதைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றாள். சில நாள் அதன் கரையில் படுத்தாள். பிறகு அலுமாரியிலிருந்து தன்னுடையதை எடுத்துவிட்டாள். பெரியதன்கீழ் நான் மட்டும், திருவிழா முடிந்த பந்தலில் படுத்தவன் மாதிரி.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் டேனிஷ்காரி ஒருத்தி, சைக்கிளில் பறந்து திரிகிறவள், எங்கள் இருவரையும் சின்னத் தியேட்டர் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். ஐரோப்பாவின் ஏதோவொரு குளிர்மூலைக் கதை. நீச்சல் பழக்கும் ஒருத்திக்கும் படகுத்துறையில் வேலை செய்யும் ஒருவனுக்கும் காதல். உருளைக்கிழங்குப் பொரியலைப் பகிர்ந்துகொண்டே அவன் சொல்கிறான்: எனக்கு உடம்பின் தேவை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, ஆனால் நீ வேண்டும். இப்படி இருப்பதற்கு ஒரு பேரும் உண்டு என்கிறான். அவள் திகைக்கிறாள். போகிறாள், திரும்பி வருகிறாள், கதவைச் சாத்திவிட்டு அழுகிறாள்.

அந்த நீச்சல்காரி நான்தான். இதையாவது பார்க்கிறாளா என்று என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நீச்சல்காரியைப் பார்க்கவேயில்லை. கதிரையின் நுனிக்கு வந்து, வாய் கொஞ்சம் திறந்திருக்க, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணவறையில் நான் தேடிய பார்வை அது. எந்தப் பெண்ணின் உடம்பையும் வேண்டாத ஒருவனுக்குப் போயிற்று. உலகத்தில் எந்தப் புருசன் இப்படியொருவனைப் பார்த்து எரிந்திருப்பான்?

படம் முடிந்து மூன்று கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். மேலங்கிகள் தொங்குமிடத்தில் இருவரும் நின்றார்கள். என் மனைவியின் முதுகு எனக்கு. "நானும் இப்படித்தான். எப்போதும் இப்படித்தான்" என்று டேனிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள், வெளியே மழை பெய்கிறது என்பதைப்போல. மற்றவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். வியக்கவில்லை, அணைக்கவில்லை. கோப்பி ததும்பி என் விரலைச் சுட்டது.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"அவவுக்குச் சொல்லலாம். எனக்குச் சொல்லேலாதோ?"

"அவவுக்குச் சொன்னா அவ கோப்பியைக் குடிச்சிட்டுப் போவா. உங்களுக்குச் சொன்னா அடுத்த கிழமை நீங்கள் எழுதிற கவிதையா வந்திடும்."

"பகிடியை விடும்."

"பகிடி இல்லை. இதுக்கொரு பேர் இருக்கெண்டு எனக்கே இண்டைக்குத்தான் தெரியும். பிழை என்னிலையெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். நேத்தி கூட வைச்சனான். உங்களிலை எனக்கு ஆசை வரவேணுமெண்டு அம்மனுக்குப் பட்டுச் சாத்தினனான். மெரூன் சீலை, ஞாபகமிருக்கோ?"

இருந்தது. அந்தச் சீலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவனே நான்தான். ஆக, அம்மனுக்கும் எனக்கு முன்னமே தெரியும்.

"அப்ப என்னிலை விருப்பமே இல்லையோ?"

"விசர்க்கதை. நீங்கள் வேலையாலை வாற நேரம் ஜன்னலடியிலை நிக்கிறது ஆருக்கெண்டு நினைச்சியள்? அது வேறை, இது வேறை."

எனக்கு அதுவும் இதுவும் ஒன்றாகவே இருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவளை நான் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும். ஒரு காலைச் சாப்பாட்டில் அவள் பாண்துண்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கடை முகத்தைப் பாக்க, நான் ஏதோ களவெடுத்துப்போட்டு இருக்கிறவள் மாதிரிக் கிடக்கு." பக்கத்து நகரமான பிரெடெரிசியாவில் வேறு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள். ஓர் அறை வீடும் எடுத்தாள். பிரிகிறோமா என்று கேட்டேன். "தெரியேல்லை" என்றாள்.

நேற்று சாமான் ஏற்றினோம். படத்துக்கு அழைத்துப் போன அந்த டேனிஷ்காரிதான் காரில் கொழுவிய இழுவைப் பெட்டியோடு வந்தாள். நான் பெட்டிகளோடு மாடியேறியபோது, அவள் முன்னமே கதிரைமேல் நின்று, வாயில் ஆணியோடு திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவியின் ஜன்னலை என்னைவிட முதலில் கண்டவள். சுத்தியலை வாங்கி நானே அடித்தேன். ஆணி வளைந்தது. அவள் சிரித்துக்கொண்டே நேராக்கினாள்.

அவள் கீழே போனபிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கோப்பை. கட்டில் மட்டும் இருவருக்கானது. அதன் ஒரு கரையில் என் மனைவியின் போர்வை மடித்திருந்தது. மற்றக் கரை வெறுமை. அந்த வெறுமையில் எத்தனை பேரைப் படுக்கவைத்தேனோ, ஒரு நொடியில்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன். வழியனுப்ப மனைவி வந்தாள்.

"கட்டில் பெரிசாக் கிடக்கு."

"ஓம்."

"ஆருக்கு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, என் மேலங்கியின் கழுத்துப் பட்டியை இழுத்து நேராக்கினாள்.

"வாற சனிக்கிழமை விருப்பமெண்டால் வாங்கோ. அந்தப் பெரிய போர்வையைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. நிலக்கீழ் அறையிலை உங்கடை பழசு கிடக்கு, அதை உதறிக்கொண்டு வாங்கோ."