பால் டின்னில் ஒட்டிய கண்ணாடி

அந்தப் பால் டின் சமீபம் வரைக்கும் எங்கள் ஈப்போ வீட்டில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே கிடந்தது. இரண்டு பக்கமும் வெட்டியெடுத்த டின். ஒரு வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். ரப்பர் காய்ந்து கிழிந்துபோயிருந்தது. சில்லு மட்டும் எப்படியோ தொங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் துலக்கிவிட்டுக் குனியும்போதெல்லாம் அது கண்ணில் படும். படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

லேசரைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சாவிக்கொத்தோடு வாங்கிய சிவப்பு விளக்கால் பூனையை ஓடவிட்டு ஆரம்பித்தவர்கள் உண்டு. கெட்டுப்போன பிரிண்டரைப் பிரித்துப் பார்த்து ஆரம்பித்தவர்கள் உண்டு. என் அக்காவுக்கு அது வெள்ளிக்கிழமை சாம்பிராணியில் பிடித்தது. தொழிற்சாலை வேலை முடிந்து வந்தவள், அப்படியொரு சாவிக்கொத்து விளக்கை மேசையில் எரியவிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். அம்மா தூபக்காலோடு உள்ளே வந்தார். புகை பரவியதும், விளக்கிலிருந்து சுவர் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு காற்றில் நின்றது. அக்கா தேடியதை மறந்து உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு நேரமும் இது இங்கதான் இருந்திருக்கு பாப்பா, நமக்குத்தான் தெரியல," என்றாள். அதற்குப் பிறகு அம்மாவின் சாம்பிராணி டப்பா நிறைந்திருந்து நான் பார்த்ததில்லை.

இணையத்தில் தேடித் தேடிப் படித்தாள். ரோசாக்காகிக் கெட்டுப்போன கரோக்கே பெட்டிகளைப் பிரித்தாள். கண்ணுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் அதற்கென்று கண்ணில் போடும் தடித்த கண்ணாடியை முதலில் வாங்கினாள், பெரிய விளக்கைப் பிறகுதான் வாங்கினாள். பால் டின் அப்போது வந்ததுதான். அதன் திறந்த வாயை ஸ்பீக்கரில் வைத்து, சில்லின் மேல் லேசரை விழவிடுவாள். பாட்டுக்கு ரப்பர் அதிரும், சுவரில் வெளிச்சம் வளையம் வளையமாகச் சுழலும். அதிலும் உறுமி மேளத்துக்கு அது ஆடும் ஆட்டமே வேறு. அப்பாவுக்கு இதெல்லாம் கேலி. "தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துலதான் இருக்கு லா, நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்," என்பார். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல, ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊரின் பெயரே போதும். தம்பி மோட்டார் சைக்கிளை வாசலில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டபோது மட்டும் அதற்குப் பெயர் திறமை.

சுங்கை சிப்புட் பக்கம் அப்பா பிறந்த தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் போய்விட்டன. கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். அந்தக் கோயில் தலைவர்தான் ஒரு வருடம் அக்காவை லேசர் காட்டச் சொன்னார். முதல்முறையாக ஒருவர் மதித்துக் கேட்டதில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளிச்சம் ஆட்களின் தலைக்கு மேலே போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில்தான் விழ வேண்டும், லேசர் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், யாரும் தொடக்கூடாது என்று சொன்னாள். தலைவர் சிரித்தார். "கயிறு கட்டுறதுக்கு இது என்ன மாட்டுக் கொட்டகையா?" கடைசி வரைக்கும் கயிறு கட்டவில்லை.

இருட்டத் தொடங்கும்போது ரதம் கிளம்பியது. உறுமி முழங்க, தொட்டிச் சுவரில் பச்சைப் பூக்கள் விரிந்தன. சனம் வாய் பிளந்து பார்த்தது. தடித்த கண்ணாடி போட்டால் அந்தப் பச்சை தெரியாது என்பதால், அக்காவும் அதைத் தன் கண்ணால் பார்க்கக் கண்ணாடியைக் கழற்றினாள். சனம் ரதத்துக்கு முதுகைக் காட்டி நின்றது தலைவருக்குப் பொறுக்கவில்லை. "சாமி இங்க வருது, எல்லாம் தண்ணித் தொட்டியப் பாக்குதுங்க. சாமி மேல படட்டும்," என்று சொல்லி, பெட்டி இருந்த பலகையைத் தானே ரதத்தின் பக்கம் திருப்பினார். டின் கவிழ்ந்தது. லேசர் நேராகப் போய் ரதத்தில் மோதியது. எங்கள் ரதம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்த அலங்காரம். பச்சைக் கோடுகள் நாலாபக்கமும் தெறித்தன. முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கழற்றிய கண்ணாடியைத் தேட அக்கா நிற்கவில்லை. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் ஒரு கோடு அவள் வலது கண்ணில் விழுந்துவிட்டது.

விழித்திரையின் நடுவில் தழும்பு, இனி மாறாது என்றார் மருத்துவர். சாமி குத்தம் என்றார் தலைவர், அதுவும் மைக்கைப் பிடித்து. பலகையைச் சாமியா திருப்பியது? பக்கத்தில் நின்று தலையாட்டிய அப்பா, மறுநாள் அக்காவின் சாமான்கள் எல்லாவற்றையும் பழைய இரும்பு லாரியில் ஏற்றினார். டின்னைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டார். அவரை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்க எனக்கு ஆசையும் இல்லை.

இந்த வருடத் திருவிழாவுக்குப் பினாங்கிலிருந்து ஆள் வைத்து லேசர் காட்டினார்கள். வெளிச்சம் தலைக்கு மேலே போய் அதே தொட்டிச் சுவரில் விழுந்தது. இயந்திரத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு. அதே தலைவர் கயிற்றுக்கு வெளியே கைகட்டி நின்றார். என்னைப் பார்த்ததும், "உங்க அக்காவும் சின்னதா ஏதோ காட்டுச்சே. இப்ப பாரு, எவ்வளவு பத்திரமா செய்றானுங்க," என்றார். வாயில் வந்த வார்த்தையை, கோயில் என்பதால் விழுங்கினேன்.

வீட்டுக்கு வந்து, விழுங்கியதையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தொட்டிக்குக் கீழே குனிந்து டின்னை எடுத்தாள். காய்ந்த ரப்பரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பலூனை இழுத்துக் கட்டி, சில்லை மறுபடி ஒட்டினாள். பசை காய்வதற்காக அதை மேசையில் வைத்துவிட்டு, லாரிக்குத் தப்பியிருந்த சாவிக்கொத்து விளக்கைச் சுவரைப் பார்த்து எரியவிட்டாள். அம்மா சாம்பிராணி கொண்டுவந்தார். சிவப்புக் கோடு காற்றில் நின்றது. அக்கா இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கோடு நேரா இருக்கா பாப்பா?"

"நேராத்தான் இருக்குக்கா."

"எனக்கு நடுவுல வளையுது லா," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அன்றைக்குக் கேட்டது ஒரு கயிறுதான்.