முதலாளியின் பிப்ரவரி பதினைந்து

எங்கள் கடையின் பின்பக்கக் கொடியில் சேறு படிந்த காக்கிக் கால்சட்டை ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. 1915. ஜொகூர் பாருவின் கடலோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி நாகூர்க்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

அக்கரையில், சிங்கப்பூரில், இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியது பிப்ரவரி பதினைந்தாம் தேதி. சீனப் புத்தாண்டு சமயம் என்பதால், சுட்ட சத்தத்தைப் பலர் பட்டாசு என்றே நினைத்தார்களாம். அந்தச் செய்தி எங்களுக்குச் சரியாக வந்து சேருவதற்குள் ஆட்களே வந்துவிட்டார்கள். நீரிணையைக் கடந்து வந்த நான்கு பேர், பசியில் நிற்கக்கூட முடியாமல் வாசலில் சலாம் சொன்னார்கள். அவர்களில் இளையவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. முதலாளி அவனுக்குத் தன் கைலியைக் கொடுத்து, ஈரக் கால்சட்டையைக் காயப்போட்டார். அரைகுறை இந்துஸ்தானியில், "பயப்படாதே, இது சுல்தான் ஊர், வெள்ளைக்காரன் ஊர் இல்லை" என்றார். அவன் சிரித்தான்.

ரொட்டி பாதி தின்றிருந்தபோது அந்தச் சுல்தானின் ஜொகூர் படைவீரர்களே வந்து சூழ்ந்தார்கள். "சாப்பிட்டு முடிக்கட்டும், துவான்" என்று முதலாளி கைகூப்பினார். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அந்த நால்வரும் கையைக் கழுவிக்கொண்டு அமைதியாக அவர்களோடு போனார்கள். இளையவன் கைலியோடுதான் போனான்.

சில வாரம் கழித்து, சிங்கப்பூரிலிருந்து படகில் வந்த வாடிக்கையாளர் ஒருவர் சாப்பிட்டபடியே சொன்னார்: "பிடிச்சுக் குடுத்த சிப்பாய்ங்களைச் சிறைச் சுவரோரம் வரிசையா நிறுத்திச் சுட்டுட்டாங்க பாய். கூட்டம்னா கூட்டம், திருவிழா மாதிரி! நானும் பார்த்தேன்."

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அதுல சின்னப் பையன் யாரும் இருந்தானா?" என்றார்.

"யாருக்குத் தெரியும்? எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சாங்க."

கல்லில் ரொட்டி கருகிப் புகைந்தது. நம் கடையில் உட்கார்ந்து தின்றவனை ஊரே வேடிக்கை பார்க்கச் சுட்டிருப்பார்கள் என்பதை மனம் ஏற்க மறுத்தது.

அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரி பதினைந்தும் கடை அடைப்புதான். நீரிணையின் மேல் பாலம் வந்தது, ரயில் ஓடியது, எனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். முதலாளி மட்டும் மாறவில்லை. "அவன் தப்பிச்சிருப்பான்பா. சின்னப் பையன், விட்டிருப்பாங்க" என்பார். நானும் ஆமாம் என்பேன்.

ஜப்பான்காரன் இறங்கியபோது பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டத்தில் ஒளிந்திருந்தோம். ஓயாமல் கேட்ட பீரங்கிச் சத்தம் ஒருநாள் நின்றது. மறுநாள் தோட்டக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வெள்ளைக்காரன் கை தூக்கிட்டானாம்! சிங்கப்பூர் போச்சு!"

"எப்போ?" என்றார் முதலாளி.

"நேத்து சாயங்காலம்."

நேற்று பிப்ரவரி பதினைந்து. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அசைக்கவே முடியாதவர்கள் என்று வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தவர்கள், அதே தேதியில் விழுந்திருந்தார்கள்.

முதலாளி செடிகளுக்கு நடுவே, அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். இருபத்தேழு வருடமாக ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"இப்படிக் கை தூக்கறதுக்காப்பா அந்தப் பையனைச் சுட்டானுங்க?"